கால் நடமாடும்போதே: வாசகர் கேள்வி – பதில்

ஓய்வுபெற்ற பின் வாழ்வு எப்படிப் போகிறது என்று எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மீதியுள்ளவற்றுட் பல ஓய்வூதியக் கணக்கைப் பற்றியவை. என்னுடைய ஓய்வூதியக் கோவையை முடிக்கவே பதினொரு மாதங்கள் அலைந்தவன் என்பதால், அவற்றுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை.

கேள்வி: முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்து ஆறு மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்றேன். மகன் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான்; மகள் திருமணமாகிக் கண்டியில் இருக்கிறாள்; கணவர் அன்பானவர்; சொந்த வீடு இருக்கிறது. ஆனாலும் காலையில் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வீதியால் போவதைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இவ்வளவு கிடைத்தும் மனம் நிறையவில்லையே, நான் நன்றி கெட்டவளா?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: இல்லை, டீச்சர். (உங்களை வேறெப்படி அழைப்பது? மலையகத்தில் ஒருமுறை டீச்சரானவர் கடைசிவரை டீச்சர்தான்.) நான் ஓய்வுபெற்ற மறுவாரம் திங்கட்கிழமை அதிகாலையில் எழுந்து, சட்டையைத் தேய்த்து உடுத்தி, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான், போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அன்று அவர் சிரித்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மணிச் சத்தத்துக்கு எழுந்து நடந்த உடம்பு, மணி நின்றுவிட்டது என்பதை ஆறு மாதத்தில் ஒப்புக்கொள்ளாது. அதற்கும் நன்றிக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொன்றைக் கவனித்தேன். கிடைத்தவை எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அவை உங்களுக்குக் கிடைக்கக் காரணமாக இருந்தவர்கள் ஒருவரையும் எழுதவில்லை. குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். என் அம்மா முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளிக்கு அரசாங்க ஊழியரைப்போல மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோர் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியில் சேரும். 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளம் பெறுபவருக்கு வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் கிடைக்கும். அம்மாவுக்கு இரண்டும் கிடைத்தன; தங்கையின் கலியாணத்தோடு இரண்டும் தீர்ந்தன. அதற்குப் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் கையில் ஒரு சதமும் சொந்தமாக இல்லாமல் இருந்தார். எனக்கோ மாதம் தவறாமல் வங்கியில் பணம் விழுகிறது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

ஆகையால் ஒரு பழைய கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதினேன். எனக்கு என்ன கிடைத்தது என்று எழுதவில்லை, யாரால் கிடைத்தது என்று மட்டும் எழுதினேன். முப்பத்தொரு பெயர்கள் வந்தன. விசாரித்துப் பார்த்ததில் பதினேழு பேர் உயிரோடு இருந்தார்கள். மாதத்துக்கு ஒருவரைப் போய்ப் பார்ப்பதென்று முடிவுசெய்தேன். முதலிற் போனது, நான் கைக்குழந்தையாய் இருந்தபோது எங்கள் டிவிசனின் பிள்ளைக்காம்பராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) ஆயாவாக இருந்தவரைப் பார்க்க. தொண்ணூறை நெருங்கியவர், லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடு) இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னதும், “மழ நாள்ல கம்பளிய அவுத்துப் புள்ளைக்குப் போத்திட்டு, தான் நனைஞ்சுக்கிட்டே மலைக்குப் போகுமே, அதோட மகனா?” என்றார். அம்மா அதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நன்றி சொல்லப் போனவன், அறுபது வயதில், புதிதாக ஒரு கடனைத் தெரிந்துகொண்டு திரும்பினேன்.

இரண்டாவதாகப் போனது, ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தவிருந்த நேரத்தில் லயத்துக்கே வந்து அம்மாவிடம் வாதாடிய தலைமையாசிரியரைப் பார்க்க. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகள் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். கொப்பியில் பெயர்களை வயதின்படி வரிசைமாற்றி எழுதியது அன்றிரவுதான். தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள், டீச்சர். ஆகவும் மூத்தவரிலிருந்து தொடங்குங்கள். திங்கட்கிழமை காலையிலேயே புறப்படுங்கள்; உங்களுக்குக் கடினமான நேரம் அதுதானே? பாடசாலைப் பிள்ளைகளோடு அதே பஸ்ஸில் ஏறினாலும் தவறில்லை. அவர்களுள் இரண்டொருவர் எழுந்து இடம் தருவார்கள். இருவரும் உங்களிடம் படித்த யாரோ ஒருவரின் பிள்ளைகளாக இருப்பார்கள்.

கேள்வி: என் பேத்தி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும் “தேங்க்ஸ் தாத்தா” என்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி வளர்ந்ததில்லை. கேட்கும்போது அந்நியமாக இருக்கிறது. திருத்தலாமா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம், சொல்லட்டும். ஆனால் நம்மவர்கள் நன்றி சொல்லாமல் வளர்ந்தார்கள் என்பது முழு உண்மையன்று. விறகுக்கட்டை இறக்கிவைக்க ஒரு கை கொடுத்தால், தோட்டத்துக் கிழவி, “நல்லா இருப்ப, சாமி” என்பாள். சந்தையில் பையைத் தூக்கிக் கொடுத்தால் சிங்கள மூதாட்டி “பொஹொம பின்” என்பார். உனக்கு மிகுந்த புண்ணியம் சேரட்டும் என்பது அதன் கருத்து. இருவருமே நன்றி என்ற சொல்லைத் தொடாமல் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். தேங்க்ஸ் சொன்னதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. “நல்லா இருப்ப” என்றவளோ, அடுத்த முறை வழியில் கண்டால் நாம் நன்றாக இருக்கிறோமா என்று நிறுத்தி விசாரிக்கும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறாள். பேத்தி தேங்க்ஸ் சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் “நல்லா இரு, தாயி” என்று பதில் சொல்லிப் பாருங்கள். சில மாதங்களில் அவளுக்கு இரண்டும் வந்துவிடும்.

சொல்லால் அடைக்க முடியாத உதவியும் உண்டு. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், குழி வெட்டுவதற்கும் பந்தல் போடுவதற்கும் ஆளை யாரும் தேடிப் போவதில்லை. மரணாதாரச் சங்கத்துக் காசு வந்து சேருமுன்பே மண்வெட்டியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களிடம் போய் நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் ஒன்று நடக்கும்போது நாம் மண்வெட்டியை எடுக்க வேண்டும். டவுனுக்குக் குடிவந்துவிட்ட நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போனதுதான், பேத்தியின் தேங்க்ஸைவிட எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: நாங்கள் நால்வர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஹட்டனிலிருந்து பதுளைக்குக் கோச்சியில் (ரயிலில்) ஒரு தடவை சும்மா போய் வரலாமென்று பேசிக்கொண்டோம். வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் (அரசாங்க அலுவலகத்துக்கும்) கலியாணத்துக்குமே பயணம் செய்திருக்கிறோம். பிள்ளைகள், “இந்த வயசில் எதற்கு?” என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், டிக்கோயா

பதில்: இந்த வயதில்தான் என்கிறேன். சும்மா போய் வருவதற்கு வேறெந்த வயதில் நேரம் கிடைத்தது? உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறவர்கள் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும் பாதையை, அதன் ஓரத்திலேயே பிறந்த நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

இந்தப் பாதை ஒரே மூச்சில் வந்ததன்று. நானுஓயாவுக்கு 1885 இல் வந்த தண்டவாளம், பண்டாரவளைக்கு 1894 இல் போய், அங்கிருந்து பதுளை வரையுள்ள கொஞ்சத் தூரத்தைக் கடக்க 1924 வரை எடுத்துக்கொண்டது. ஏன் அவ்வளவு காலம் என்பதைத் தெமோதரையில் இறங்கி நின்று பார்த்தால் தெரியும்: மலை ஒரேயடியாகத் தாழ்கிறது, கோச்சியால் அப்படி இறங்க முடியாது; ஆகவே பாதை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே குடைந்த சுரங்கத்தின் வழியே வெளியேறுகிறது. அதற்கு முன்னதாக, எல்லவைக் கடந்ததும், 1921 இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் வரும். உள்ளேயிருந்து பார்ப்பவருக்குப் பாலம் தெரியாது என்பதால், எல்லவில் ஒருநாள் தங்கி நடந்துபோய்ப் பார்ப்பதுதான் முறை.

எனக்குப் பிடித்தது இவை இரண்டுமல்ல, பட்டிப்பொலைக்கு அப்பால் வரும் சுரங்கம். இலங்கையில் ஆகவும் உயரத்திலிருக்கும் புகையிரத நிலையம் பட்டிப்பொலை; அதைத் தாண்டிப் பாதை 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டு ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஆடி மாதத்தில் போனால், நானுஓயாவிலிருந்து பிடித்த மழையும் பனிமூட்டமும் சுரங்கத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். மறுபக்கம் வெளிவரும்போது ஊவா வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலை தடுத்துவிடுகிறது என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் படம் வரைந்து படிப்பித்தவன் நான். அதை என் முகத்தில் உணர்ந்தது அறுபத்து இரண்டாம் வயதில்.

அந்தப் பயணத்தில் என்னோடு வந்தவர்கள், தபாலதிபராக இருந்த ஒருவர், எங்கள் டவுனில் பேக்கரி வைத்திருந்த நானா, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவர். அப்புத்தளையில் வடை வாங்கக் கணக்கப்பிள்ளை இறங்கினார். அவர் மீதிக்காசை எண்ணிக்கொண்டிருந்தபோது கோச்சி புறப்பட்டுவிட்டது. வாழ்நாளெல்லாம் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) ஐந்து நிமிடம் பிந்தி வந்தவர்களுக்கெல்லாம் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போட்ட மனிதர், கையில் வடைப்பொட்டலத்தோடு நடைமேடையில் ஓடுவதை நாங்கள் மூவரும் கதவோரம் நின்று பார்த்தோம். தியத்தலாவையில் எதிர்க்கோச்சிக்காக எங்கள் கோச்சி வெகுநேரம் நின்றது, ஒற்றைப் பாதை அல்லவா? நாங்கள் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது, முச்சக்கர வண்டி பிடித்து முன்கூட்டியே வந்திருந்த கணக்கப்பிள்ளை, தூணில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கென்று இரண்டுதான் மீதியிருந்தது. அன்று முதல் அவருக்கு ‘அரைப்பேர்’ என்றே பெயர். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார். நாங்கள் நால்வரும் நாற்பது ஆண்டுகள் ஒரே டவுனில் இருந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவரையொருவர் பதவியால் அல்லாமல் பெயரால் அழைக்கத் தொடங்கியது அந்தப் பயணத்துக்குப் பிறகே.

பிள்ளைகள் தடுப்பது அன்பினால்தான். ஆகையால் அவர்களோடு வாதாடாமல், போகும் நாள், கோச்சி, தங்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இரவில் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஆசனங்களை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டார் வரும் பருவத்தில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருக்காது. மருந்து கைப்பையில் இருக்கட்டும். வடை வாங்க இறங்குவதானால் சில்லறையோடு இறங்குங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு. சாவதற்குள் சிவனொளிபாதமலைக்குப் போக வேண்டும் என்கிறாள். கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். 2,243 மீற்றர் உயர மலை. நல்லதண்ணிப் பக்கத்துப் பாதை ஆகவும் சுலபமானது என்றாலும் அதிலும் ஆயிரக்கணக்கில் படிகள் இருக்கின்றன, முழங்காலை வாட்டுவது ஏறும்போதைவிட இறங்கும்போது. உச்சிக்குப் போனால்தான் போனதாகக் கணக்கு என்று யார் சொன்னது? டிசெம்பர் மாதப் போயாவில் (பௌர்ணமியில்) பருவம் தொடங்கி வெசாக் போயாவரை வழியெல்லாம் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த ஒரு நாளில் சீதகங்குல ஓடை வரை மெல்ல நடந்து, அந்தக் குளிர்ந்த நீரில் முகம் கழுவி, உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். என் மனைவியும் நானும் அப்படித்தான் திரும்பினோம். இறங்கும் வழியில், மேலே ஏறிக்கொண்டிருந்த இளைஞர்கள் எங்களைக் கண்டு, ‘இவர்களே போய் வந்துவிட்டார்கள்’ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நாங்கள் அவர்களைத் திருத்தவில்லை.

கேள்வி: தோட்டப் பாடசாலையில் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரே சிநேகிதி, 1972 இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். லயத்துக்குப் பின்னாலிருந்த கொய்யா மரத்தில் இருவரும் ஏறி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படிப்போம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, என் தங்கை மகனின் வாட்ஸ்அப் வழியாக அவளைக் கண்டுபிடித்தேன். கோத்தகிரியில் இருக்கிறாள், அங்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வாழ்ந்திருக்கிறாள். நானோ தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். எனக்கு இப்போது அறுபத்து நான்கு. போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நேரில் போய் நின்றால் என்ன பேசுவது?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதில் எழுத ஆகவும் பிந்தியதும் இதற்கே.

உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான, இந்திய வம்சாவளியினராகிய மலையகத்தாரைப் பங்கிட்டுக்கொள்ள, 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும், மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் தீர்மானித்தார்கள். பெரியவர்கள் நிரப்பிய ஒரு விண்ணப்பத்தால் அவர் அந்தப் பக்கமும் நீங்கள் இந்தப் பக்கமும் ஆனீர்கள். இந்தியாவுக்குக் கப்பலேறுபவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நம் சனங்கள் அழைத்ததை நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். ஹட்டன் நிலையத்தில் என் சித்தப்பா குடும்பத்தை வழியனுப்பியபோது, எங்கள் அப்பாயி கோச்சியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததும், கார்ட் இறங்கி வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

நீங்கள் படித்து உத்தியோகம் பார்த்ததும், அவர் கொழுந்துக்கூடையோடே இருந்ததும் உங்கள் கெட்டித்தனத்தாலோ அவருடைய குறையாலோ நேர்ந்ததல்ல. அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தோடேயே போங்கள். உங்களிடம் உள்ளது அவரிடம் இல்லை என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்ததை ஒரு சாதனைபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐம்பது ஆண்டுகளில் அவரும் உங்களைத் தேடியிருக்கக்கூடும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவரிடமே கேளுங்கள்.

போகும் வழியைச் சொல்கிறேன். பழைய இராமேசுவரக் கப்பல் இப்போது இல்லை. ஆனால் 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், கடவுச்சீட்டையும் விசாவையும் எடுத்த பிறகு, கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் பஸ் உண்டு. வளைவுகளும் தேயிலையும் பனியும் ஒன்றுதான். ஊர் மாறிவந்ததாகவே உங்களுக்குத் தோன்றாது. தனியாகப் போக வேண்டாம். முகவரியைக் கண்டுபிடித்த தங்கை மகனையே கூட்டிப் போங்கள். அவனும் இந்தக் கதையில் பாதியைத் தெரிந்துகொள்ளட்டும்.

தேயிலைப் பொட்டலம் கொண்டுபோகாதீர்கள். அவர் வாழ்நாளெல்லாம் பறித்தது அதைத்தான். மாசிக் கருவாடு கொண்டுபோங்கள். பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம், லயத்துக்குப் பின்னால் அந்தக் கொய்யா மரம் இன்னும் நிற்கிறதா என்றுதான் அவர் முதலிற் கேட்பார். புறப்படுவதற்கு முன் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.